ஏழு பாகங்களும் மூன்று பக்கக் கடிதமும்

என் அக்காவுக்குக் கிடைத்திருக்க வேண்டிய வீடு ஒன்று கிடைக்காமல் போனது. காரணத்தைத் தேடி எங்கும் அலைய வேண்டாம், நான்தான். ஆனால் அதை எங்கிருந்து சொல்லத் தொடங்கினாலும் ஒரு வீடியோ கேமில் போய்த்தான் நிற்கிறது. நாற்பது தாண்டியவன் வீடியோ கேமைப் பற்றி எழுதுகிறானே என்று யாருக்காவது தோன்றினால் தோன்றட்டும். எனக்கு அது விளையாட்டாக இருந்து பல வருடங்கள் ஆகிவிட்டன.

அக்கா மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். பறித்தவள் என்று எழுத வேண்டும். இந்த வருடத்தோடு ஐம்பத்தெட்டு முடிந்து சர்வீஸும் முடிந்தது. எஸ்டேட்டில் லயம் என்கிற வரிசை வீடு வேலைக்குத்தான் சொந்தம், ஆளுக்கு இல்லை. வீட்டில் யாராவது ஒருவருடைய பேரைக் காலை வருகைப் பதிவான மஸ்டரில் கூப்பிடும்வரை அந்த ஒற்றை அறையும் சமையல்கட்டும் உங்களுடையவை. கடைசிப் பேரையும் அடித்துவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். அம்மா இறந்தபோது எனக்கு நான்கு வயது, அக்காவுக்குப் பதினெட்டு. அப்பா மேனேஜர் பங்களாவில் தோட்ட வேலை பார்த்தார். அவருக்கு இருமல் தொடங்கியிருந்தது. அவர் பேரை அடிப்பதற்குள் இன்னொரு பேர் உள்ளே இருக்கட்டும் என்று அக்கா தன் பேரைக் கொடுத்தாள். நாற்பது வருடம் அந்த வீடு அந்தப் பேரில்தான் நின்றது. அவளுக்கென்று ஒரு சென்ட் நிலம் எங்கும் கிடையாது. கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து இரண்டு முறையும் நின்றது. அதைப் பற்றி அவள் பேச மாட்டாள், நானும் கேட்டதில்லை.

நான் மலையிறங்கிப் போய் பாலக்காட்டில் பாலிடெக்னிக் படித்து, கொல்லங்கோட்டுப் பக்கம் பெண் எடுத்து, இப்போது கோவிந்தாபுரத்தில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற தமிழ் விவசாயிகளுக்கு அரசாங்கத் தாள் எல்லாம் மலையாளத்தில் வரும். அதைப் படித்து, தமிழில் சொல்லி, பூர்த்தி செய்து அனுப்புவது என் பிழைப்பு. காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் சாயந்தரம்வரை படிப்புதான். வீட்டுக்கு வந்த பிறகு பால் பாக்கெட்டில் இருக்கும் எழுத்தைக்கூடப் பார்க்கப் பிடிக்காது. இதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது. மன்னிப்புக்காகச் சொல்லவில்லை, அப்படித்தான் இருந்தது.

அந்த ஆட்டம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. பங்களாப் பிள்ளைகள் ஆடிச் சலித்துத் தூக்கிப் போட்ட மெஷினையும் ஒரு கேசட்டையும் அப்பா கோணியில் சுற்றிக் கொண்டுவந்தார். எங்களிடம் இருந்தது கறுப்பு வெள்ளை டிவி. திரையில் கட்டம் கட்டமாக ஒரு ஊர், அதில் பையும் கத்தியும் வைத்துக்கொண்டு ஒரு ஆள். அவன் மூஞ்சியே நாலு புள்ளிதான். எழுத்து வந்தால் கோடு கோடாக வரும். அது ஜப்பான் எழுத்து என்று பின்னால்தான் தெரிந்தது. அப்போது டிவியில் ஏதோ கோளாறு என்று நினைத்து மேலே தட்டிக்கொண்டிருந்தோம்.

கதை இதுதான். ஒரு ராஜ்ஜியத்தின் ஆற்றை மந்திரவாதி ஒருவன் திருடி மலைக்குள் பூட்டி வைத்துவிடுகிறான். நம் ஆள் போய் அதை மீட்க வேண்டும். இதுவரை ஏழு பாகங்கள் வந்திருக்கின்றன. ஏழிலும் யாராவது ஆற்றைத் திருடுகிறார்கள். "இத்தன தடவ களவு போவுது, ஒரு வாச்சரப் போட மாட்டாங்களா?" என்று அக்கா நான்காம் பாகத்திலேயே கேட்டுவிட்டாள்.

ஆனால் முதல் பாகத்தில் எங்களுக்கு ஆறும் தெரியாது, மந்திரவாதியும் தெரியாது. ஊரைச் சுற்றிச் செடிகள் இருந்தன. பட்டனை அழுத்தினால் நம் ஆள் குனிந்து ஒரு இலையைப் பறித்துப் பையில் போடுவான். பை நிறைந்ததும் கடைக்காரியிடம் கொடுத்தால் காசு தருவாள். இதைப் பார்த்ததும் எங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இது கொழுந்து பறிக்கிற ஆட்டம். அக்கா மலையில் எட்டு மணி நேரம் பறித்துவிட்டு வந்து, கால் கழுவி, பாலில்லாத கட்டஞ்சாயா குடித்துவிட்டு, டிவி முன்னால் உட்கார்ந்து மறுபடியும் பறிப்பாள். வரிசை விடாமல், ஒரு செடியைத் தாண்டாமல் பறிப்பாள். நான் ஆடினால் அங்கொன்று இங்கொன்றாகப் பறிப்பேன், அவளுக்குப் பொறுக்காது.

"இப்படிப் பறிச்சேன்னா கங்காணி வீட்டுக்கு அனுப்பிருவான்" என்பாள்.

"பகல் முழுக்கப் பறிச்சது காணாதாக்கும்?" என்று அப்பா பாயில் படுத்தபடி கேட்பார்.

ஊரின் எல்லையில் ஒரு கேட் இருந்தது. அதன் முன்னால் ஈட்டியோடு ஒரு காவல்காரன். நாங்கள் அவன் பக்கம் போகவே இல்லை. எஸ்டேட்டில் பிறந்த பிள்ளைக்கு கேட் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஆபீஸிலிருந்து துண்டுச் சீட்டு வேண்டும். சீட்டு இருந்தாலும் காவல் நிற்கும் வாச்சரிடமிருந்து நாலடி தள்ளி நிற்க வேண்டும். அவர் தலையாட்டினால் போக வேண்டும். நாங்களும் நம் ஆளை நாலடி தள்ளி நிறுத்தி, தலையாட்டுகிறானா என்று பார்ப்போம். ஆட்ட மாட்டான். சீட்டு எங்கே கிடைக்கும் என்று ஊரெல்லாம் தேடினோம். நிறைய இலை கொடுத்தால் சீட்டு வரும் என்று நான் சொன்னேன். அக்கா இன்னும் நிறையப் பறித்தாள். இப்படி ஒன்றரை வருடம் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் அக்கா ஆடிக்கொண்டிருந்தபடியே கண்ணயர்ந்துவிட்டாள். கட்டைவிரல் மட்டும் பட்டனில் அழுந்தியிருந்தது. நம் ஆள் நேரே நடந்துபோய்க் காவல்காரன்மேல் முட்டினான். காவல்காரன் ஏதோ நாலு கோடு பேசிவிட்டு ஒதுங்கி நின்றான். அவ்வளவுதான். சீட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் அக்காவை உலுக்கி எழுப்பினேன். கேட்டுக்கு வெளியே மலை, காடு, பாலம் என்று விரிந்து கிடந்ததைப் பார்த்து அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "அப்ப இத்தன நாளும் சும்மாதான் நின்னோமா?" என்றாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தது. யார்மேல் என்று அவளுக்கும் தெரியவில்லை.

இரண்டாம் பாகம் இங்கிலீஷில் வந்தது. அதுவும் பங்களாவிலிருந்துதான். அப்போது நான் ஆறாவது முடித்திருந்தேன். அக்கா ஐந்தாவதோடு நின்றவள். தமிழ் படிப்பாள், இங்கிலீஷும் மலையாளமும் அவளுக்கு ஆகாது. அன்றிலிருந்து எங்களுக்குள் வேலை பிரிந்துகொண்டது. அவள் ஆடுவாள், நான் வாசிப்பேன். திரையில் எழுத்து வந்ததும் அவள் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்ப்பாள். நான் சொல்லி முடித்த பிறகுதான் பட்டனை அழுத்துவாள். முப்பது வருடத்தில் ஒருமுறைகூட எனக்கு முன்னால் அழுத்தியதில்லை.

அந்தக் காலத்துக் கேசட்டில் இடம் கிடையாது. அதனால் யார் வந்தாலும் ஒரு வரிதான் பேசுவார்கள். கிணற்றடியில் ஒரு கிழவன் நிற்பான், "கிணறு வற்றிவிட்டது" என்பான், அதோடு சரி. அதை நான் அப்படியே சொன்னால் அக்கா முகம் சுருங்கும். "அவ்வளவுதானா? அவன் அங்கன எதுக்கு நிக்கான்?" என்பாள். சரி என்று நான் கூட்டிச் சொல்ல ஆரம்பித்தேன். கிழவனின் மகள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள், தண்ணீர் வந்தால்தான் திரும்பி வருவேன் என்று சொல்லியிருக்கிறாள் என்று அளந்துவிட்டேன். அக்கா அந்தக் கிழவனை நாலு தடவை போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அவன் "கிணறு வற்றிவிட்டது" என்றுதான் சொல்வான், நான் ஒவ்வொரு தடவையும் வேறு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. நான் நன்றாகப் புளுகுவேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் முப்பது மார்க் எடுத்தேன். அக்கா நம்பவே இல்லை. "வாத்தியாருக்குத்தான் தெரியல" என்றாள்.

மூன்றாம் பாகம் வரும்போது அப்பா இல்லை. நான் பாலிடெக்னிக்கில் இருந்தேன். சிடி போடும் மெஷின் ஒன்றைப் பாலக்காட்டில் செகண்ட் ஹேண்டில் வாங்கி, சட்டைகளுக்கு நடுவே வைத்துப் பொதிந்து மேலே கொண்டுபோனேன். கட்டங்கள் போய், மலை மலையாகவே எழுந்து நின்றது. நம் ஆளைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். ஆனால் அந்த மெஷினால் தூரத்தில் இருப்பதை வரைய முடியாது. அதனால் எல்லாவற்றையும் மூடுபனி போட்டு மறைத்திருந்தார்கள். கேம் பற்றிய புத்தகங்களிலெல்லாம் அதைக் குறையென்று எழுதினார்கள். அக்காவுக்கு அது குறையாகவே படவில்லை. எங்கள் லயத்திலிருந்து பார்த்தாலும் பத்தடிக்கு மேல் தெரியாத நாள்தான் அதிகம். "இப்பத்தான் ஒழுங்கா வரஞ்சிருக்கான்" என்றாள். எழுத்தும் அதில் அளவாக இருந்தது. கூட்டவும் வேண்டியதில்லை, குறைக்கவும் வேண்டியதில்லை. இருப்பதை வாசித்தால் போதும். நான் உண்மையாக இருந்த ஒரே பாகம் அதுதான்.

நான்காம் பாகத்தில் எல்லோருக்கும் குரல் வந்துவிட்டது. நம் ஆளும் பேசத் தொடங்கினான். இருபது நிமிடம், முப்பது நிமிடம் படம் மாதிரி ஓடும். நிறுத்தி வைத்து வாசிக்க முடியாது, ஓட ஓடச் சொல்ல வேண்டும். அப்போது எனக்கு வேலை கிடைத்திருந்தது, மாதம் ஒருமுறை மேலே போவேன். இரண்டு பஸ் மாறி மலையேறி வந்து இறங்கியதும் அக்கா சோறு போடுவாள், அப்புறம் உட்கார வைப்பாள். ஒரு மாதம் ஆடியதில் எங்கெல்லாம் எழுத்து வந்ததோ அங்கெல்லாம் ஆட்டத்தைத் தனித்தனியாகச் சேமித்து வைத்திருப்பாள். எனக்காக. நான் பேசிப் பேசித் தொண்டை கட்டிக் கீழே இறங்குவேன். அலுப்பு அங்கே தொடங்கியது என்று நினைக்கிறேன். ஆனால் அப்போது அதை அலுப்பு என்று ஒத்துக்கொள்ளவில்லை.

ஐந்தாம் பாகத்தில் உலகத்தையே திறந்து விட்டார்கள். எங்கே வேண்டுமானாலும் போகலாம். போகிற இடமெல்லாம் ஒருவன் நிற்கிறான். ஆடு தொலைந்துவிட்டது என்கிறான், தாத்தாவின் மோதிரம் குகையில் கிடக்கிறது என்கிறான், அதற்கு முன்னால் தன் வம்சக் கதையைச் சொல்கிறான். வரைபடத்தைத் திறந்தால் கேள்விக்குறியாக மின்னுகிறது. பகலெல்லாம் என் கடையில் நிற்கும் கூட்டம் அப்படியே திரைக்குள் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. எனக்குக் கல்யாணம் ஆகி, பெண் பிறந்து, மேலே போவது வருடத்துக்கு இரண்டு முறை என்று ஆகிவிட்டது. அதனால் அக்கா போனில் வீடியோ கால் போட்டு, டிவியைக் காட்டி, "வாசி" என்பாள்.

"ஏனுங்க, உங்கக்கா கூப்புடறாங்க பாருங்க. எத்தன தடவதான் அடிக்குமுங்க அது" என்று என் மனைவி போனைக் கொண்டுவந்து நீட்டுவாள்.

அங்கேதான் நான் குறைக்கத் தொடங்கினேன். முதல் வரியைப் பார்ப்பேன், கடைசி வரியைப் பார்ப்பேன், "ஒண்ணுமில்லக்கா, ஆட்டைக் கண்டுபிடிச்சுத் தரணுமாம்" என்பேன். பத்துப் பக்கம் அதில் அடங்கிவிடும். அக்கா, "இவ்வளவு நேரம் வாயசச்சான், இம்புட்டுத்தானா?" என்பாள். "இங்கிலீஷ்ல அப்படித்தான், வளவளன்னு எழுதுவான்" என்பேன். அவள் நம்பினாள். ஆட்டைத் தேடிப் போனாள். போகிற வழியில் ஆட்டைப் பற்றி என்னென்னவோ அவளாக யோசித்துக்கொண்டாள் போலிருக்கிறது, அடுத்த நாள் அதைச் சொல்வாள். நான் உம் கொட்டுவேன். போனில் தமிழாக்கிக் காட்டும் வசதி வந்தபோது அதையும் போட்டுக் கொடுத்தேன். திரைக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு இரண்டே நாளில் விட்டுவிட்டாள். "அது சொல்லுக்குச் சொல்லு சொல்லுது. கத சொல்ல மாட்டேங்குது" என்றாள்.

ஆறாம் பாகத்தை ஆன்லைனில் தினமும் ஆட வேண்டும். உள்ளே போனதும் இன்றைய வேலை என்று பட்டியல் வரும், செய்து முடித்தால் வருகைப் பதிவு. அக்கா மூன்று நாள் பார்த்தாள். "இங்கயும் மஸ்டரா? வேண்டாம்டா" என்று மூடி வைத்துவிட்டாள். எனக்கு அவ்வளவு நிம்மதி. நாலைந்து வருடம் அந்தப் பக்கத்திலிருந்து தொந்தரவே இல்லை.

ஏழாம் பாகம் போன வருடம் வந்தது. அவ்வளவு பெரிய ஆட்டத்தை மலையில் நெட் இழுக்காது என்று கோவிந்தாபுரத்தில் மூன்று நாள் டவுன்லோடு செய்து, மெஷினோடு மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். அக்காவுக்கு அது சர்வீஸின் கடைசி வருடம். எஸ்டேட்டை விட்டு இறங்குவதற்குள் ஆற்றை மீட்டுவிட வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தாள். ஏழாம் பாகத்தில் எவ்வளவு எழுத்து இருக்கிறது என்று அதைச் செய்தவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். மரத்தில் ஒரு பலகை தொங்கினால் பலகையில் ஒரு கவிதை இருக்கிறது. அக்கா வீடியோ காலை விட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்ப ஆரம்பித்தாள். நான் வேலைக்கு நடுவே பார்த்து, குரல் பதிவாகப் பதில் அனுப்புவேன். தொந்தரவு தராமல் இருக்கவே அவள் அப்படிச் செய்தாள். அதையும் நான் தொந்தரவாகத்தான் நினைத்தேன்.

இதற்கிடையில் அவள் எங்கே போய் இருப்பாள் என்ற பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. "உங்கக்காளக் கூட்டிட்டு வந்துருங்க. நம்ம ஊட்டுல எடமா இல்ல?" என்று என் மனைவி மனதாரச் சொன்னாள். நானும் அக்காவிடம் சொன்னேன். "வர்றேன், வர்றேன். அந்த வெக்கையில நாலு நாளு இருந்து பாக்கேன்" என்று சிரித்து மழுப்பினாள். அவளுக்கு மலையில்தான் இருக்க வேண்டும், அதுவும் யாரும் சாவி கேட்காத வீட்டில். நிலமில்லாத தோட்டத் தொழிலாளர்களுக்கு வீடு கொடுக்கப் போகிறார்கள் என்று பஞ்சாயத்தில் ஒரு பேச்சு இருந்தது. அதை அவள் எல்லோரையும் போல நம்பவும் செய்தாள், நம்பாமலும் இருந்தாள்.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடையில் மாங்காய் விவசாயிகள் இழப்பீட்டு விண்ணப்பத்துக்கு வரிசையில் நின்றார்கள். மத்தியானம் சாப்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்த்தேன். அக்காவிடமிருந்து பதினோரு போட்டோ. அதில் எட்டு ஏழாம் பாகத்தில் வந்தவை; ஏதோ ஒரு கோயில் சுவரில் ராஜ வம்சத்தின் வரலாறு. மற்ற மூன்றும் மலையாளத்தில் ஒரு கடிதம், பஞ்சாயத்து முத்திரையோடு. பதினொன்றையும் ஒன்றுபோலவே மேலோட்டமாகப் பார்த்தேன். சுவரில் முதல் வரி, கடைசி வரி. கடிதத்தில் முதல் பக்கத்தின் மேல் பாதி. நிலமற்ற தோட்டத் தொழிலாளர் விவரம் திரட்டப்படுகிறது என்று அதில் இருந்தது. வலது கையில் சோறு, இடது கையில் போனை வைத்துக்கொண்டு பேசினேன். "அக்கா, சுவத்துல ஒண்ணுமில்ல, பழைய ராஜா கதை, நீ மேல போ. அந்தக் கடுதாசி சும்மா கணக்கெடுப்பு. எல்லாருக்கும் அனுப்பிருப்பான். ஒண்ணும் செய்ய வேண்டாம்." மொத்தம் பத்து விநாடி இருக்கும். அவள் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினாள்.

இந்த மாதம் வீட்டைக் காலி செய்ய மூன்று நாள் கடையை அடைத்துவிட்டு மேலே போனேன். லயத்தில் எல்லாம் நமுத்துப் போகும் என்பதால் அக்கா முக்கியமான தாள்களை நான்காம் பாகத்தின் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்திருப்பாள். முதல் நாள் மத்தியானம், அவள் ஆபீஸுக்குப் போயிருந்தபோது, ரேஷன் கார்டை எடுக்க அதைத் திறந்தேன். கார்டுக்குக் கீழே அந்தக் கடிதம் நாலாக மடித்து இருந்தது. கையில் காகிதமாக வந்ததாலோ என்னவோ, உட்கார்ந்து மூன்று பக்கமும் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் அக்கா பேர் இருந்தது. வீடு கொடுக்கத் தேர்ந்தெடுத்த பட்டியலில் அவள் பேர் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று இருந்தது. மூன்றாம் பக்கத்தில், சர்வீஸ் சான்றிதழும் ரேஷன் கார்டு நகலும் பிரமாணப் பத்திரமும் இருபத்தொரு நாளுக்குள் நேரில் கொடுக்க வேண்டும், தவறினால் பேர் நீக்கப்படும் என்று இருந்தது. கடிதம் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. இதே மாதிரித் தாளை நான் கோவிந்தாபுரத்தில் முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்குக் கடைசி வரிவரை படித்து, தேதியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் காலை, அட்டைப்பெட்டி வாங்கப் போகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போனேன். குமாஸ்தா நல்ல மனுஷர். பட்டியல் மேலிடத்துக்குப் போய்விட்டது, அந்த இடத்துக்கு வேறு பேர் வந்துவிட்டது, அடுத்த பட்டியல் எப்போது என்று தனக்கே தெரியாது என்றார். கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, வீட்டில் படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லையா என்று மலையாளத்தில் கேட்டார். குத்திக் காட்டுவதற்காக இல்லை, உண்மையான அக்கறையோடு கேட்டார். இல்லை என்று சொன்னேன். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அவமானமாக இருந்தது. அதைவிட, இதைப் போய் அவளிடம் சொல்ல வேண்டுமே என்ற களைப்புதான் அதிகமாக இருந்தது. அதை நினைத்து இன்னும் அவமானமாக இருந்தது.

சொல்லாமலே இருந்துவிடலாமா என்றும் யோசித்தேன். பட்டியல் வந்தது, உன் பேர் இல்லை என்றால் அவள் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். நான் சொன்னால் அதுதான். ஆனால் பஸ்ஸில் ஏறிய பிறகு அது முடியாது என்று தெரிந்துவிட்டது.

நான் போகும்போது அக்கா பாத்திரங்களைப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டிருந்தாள். டிவியும் மெஷினும் மட்டும் இன்னும் கட்டப்படாமல் இருந்தன. ஆறு இன்னும் மீட்கப்படவில்லை. நான் நின்றபடியே சொன்னேன். ஏழு மாதத்துக்கு முன்னால் வந்த போட்டோ, நான் படித்தது எவ்வளவு, படிக்காதது எவ்வளவு, குமாஸ்தா சொன்னது, எல்லாம். எதையும் குறைக்கவில்லை. அவள் ஒரு குண்டானைச் சுற்றி முடிச்சுப் போட்டு ஓரமாக வைத்தாள்.

"அப்ப அந்தப் பட்டியல்ல எம் பேரு இருந்திருக்கு" என்றாள்.

"இருந்துச்சுக்கா."

"பேர ஒழுங்கா எழுதியிருந்தாங்களா?"

"இனிஷியலோட, சரியா எழுதியிருந்தாங்க."

அவள் தலையாட்டினாள். அடுத்த பாத்திரத்தை எடுத்தாள். "பக்கத்து வீட்டுக்காரி யூனியன் ஆபீஸ்ல கொண்டு காட்டுவோம், அபேட்ச மனு ஏதும் குடுக்கணுமோ என்னமோன்னு சொன்னா. எந்தம்பிக்கு வேலையே அதுதான், அவன் பாத்துட்டான்னு சொன்னேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. நடந்ததை நடந்தபடி அவளும் சொன்னாள்.

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். என்னைத் திட்டு என்று கேட்க வேண்டும் போல இருந்தது, ஆனால் அதுவும் என் வசதிக்குத்தான் என்று தோன்றியது. அவள் அந்தப் பாத்திரத்தையும் சுற்றி முடித்தாள். பிறகு கேட்டாள்.

"வேற என்னத்தையெல்லாம் கொறச்ச?"

முதலில் எனக்குப் புரியவில்லை. அவள் டிவியைப் பார்த்தாள். அப்புறம் புரிந்தது. சொன்னேன். ஐந்தாம் பாகத்தில் பாதிக்கு மேல். ஏழாம் பாகத்தில் ஏறக்குறைய எல்லாம். கோயில் சுவரில் இருந்தது பழைய ராஜா கதை மட்டும் இல்லை, ஆற்றை எங்கே பூட்டியிருக்கிறார்கள் என்பதே அதில்தான் இருந்திருக்கும். அவள் ஏழு மாதமாக அந்தக் காட்டையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது அதனால்தான். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவள் இடையில் நிறுத்தாமல், எழுத்து வந்தால் கேட்பது போலவே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாம் பாகத்துல ஒரு தோணிக்காரி வருவா" என்றாள். "போனவங்கல்லாம் திரும்பி வரும்போது கரையில ஒரு ஆளாவது நிக்கணும்லா, அதான் நான் எங்கயும் போவலன்னு சொல்லுவா. அது மட்டுமாவது அதுல இருந்துச்சா?"

எனக்கு அந்தத் தோணிக்காரி மறந்தே போயிருந்தாள். யோசித்துத்தான் நினைவுக்கு வந்தது. அந்த ஆட்டத்தில் அவள் பேசுவது ஒரே வரி. பொய் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது.

"இல்லக்கா. அது நானாச் சொன்னது. அவ 'அஞ்சு காசு'ன்னு மட்டுந்தான் சொல்லுவா."

அக்கா கையில் இருந்த சேலைத் துணியை மடியில் விரித்துத் தடவிவிட்டாள். அவள் அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. என்னை நேராகப் பார்த்தாள்.

"அவ சொன்னது ரெண்டு வார்த்த. அத நீ எம்புட்டு கூட்டிச் சொல்லியிருக்க. எனக்குன்னு வந்தது ஒத்தக் கடுதாசி. அத மட்டும் கொறச்சிட்டியே."